பப்புக்குள் அம்மாவை அழைத்துப் போகலாமா?



கோடை விடுமுறை நெருங்கினாலே நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். மகனோ மகளோ இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறார்கள். விசாவுக்கு ஏற்பாடு செய்து, டிக்கெட்டும் போட்டு, ‘ஒரு தடவை வந்துவிட்டுத்தான் போங்களேன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். லண்டனைத் தவிர வேறு எந்த ஊரைப் பார்க்கலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள்.

என்னைக் கேட்டால் யார்க் என்றுதான் சொல்வேன்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ஏறினால் சுமார் 2 மணி நேரம். ரோமானியர்கள் கி.பி. 71-இல் கோட்டை கட்டிக் குடியேறிய ஊர். கான்ஸ்டன்டைன் 306-ஆம் ஆண்டு ரோமப் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். பிறகு வைக்கிங்குகள் வந்து ஆண்டார்கள். இத்தனை வரலாறு இருந்தும் பழைய ஊர் கைக்கு அடக்கமானது. ஸ்டேஷனில் இறங்கினால் முக்கியமான இடங்களையெல்லாம் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். அந்த மாலையில், வீட்டில் உள்ள பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பழைய பப்பில் அரை மணி நேரம் உட்காருங்கள்.

‘பப்பா? அம்மாவோடா?’ என்று உங்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அதில் தப்பே இல்லை. சாராயக் கடையைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்து பழகியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். சம்பள நாள் இரவுகளில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். குடியைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தத் தயக்கத்தை மதித்துத்தான் இதை எழுதுகிறேன்.

பப்புக்கு வருவதற்கு முன்னால் பேராலயத்துக்குப் போய்விடுவோம். யார்க்கில் எங்கே நின்றாலும் கண்ணில் படுவது அதன் கோபுரங்கள்தான்.

யார்க் மின்ஸ்டர் என்ற அந்தப் பேராலயம் இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வர 1220-இல் தொடங்கி 1472 வரை ஆனது. பாட்டன் தொடங்கிய சுவரைப் பேரன் முடித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிட எத்தனையோ தலைமுறைகள். கிழக்குப் பக்கத்துப் பெரிய ஜன்னல் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவுக்கு இருக்கும். ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405-இல் ஒப்பந்தம் போட்டு 1408-இல் முடித்துக் கொடுத்தார். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அதன் முடிவு வரை அதில் வண்ணக் கண்ணாடியில் இருக்கிறது. சமீபத்தில் அதன் 311 கண்ணாடித் தட்டுகளையும் கழற்றி, சுத்தம் செய்து, பழுது பார்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். அதற்கே சுமார் 10 ஆண்டுகள் ஆயின.

இருந்தாலும் நான் உங்களை அதிக நேரம் நிற்கச் சொல்வது பேராலயத்தின் தெற்குப் பகுதியில்.

1984 ஜூலை 9-ஆம் தேதி பின்னிரவில் அந்தப் பகுதியின் கூரை தீப்பற்றி எரிந்தது. மின்னல் விழுந்திருக்கலாம் என்றுதான் முடிவுக்கு வந்தார்கள். மற்ற பகுதிகளுக்குத் தீ பரவிவிடக் கூடாது என்று தீயணைப்பு வீரர்கள் எரிந்துகொண்டிருந்த கூரையைத் தாங்களே தண்ணீர் பாய்ச்சிக் கீழே விழவைத்தார்கள். அங்கே உயரத்தில் வட்டமாக ஒரு ரோஜா ஜன்னல் இருக்கிறது. சூட்டில் அந்தக் கண்ணாடியில் சுமார் 40,000 இடங்களில் விரிசல் விட்டது. ஆனால் கீழே விழவில்லை! துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, மறுபடியும் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கூரையைப் புதிதாகக் கட்டியபோது இன்னொரு காரியமும் செய்தார்கள். மர விட்டங்கள் சந்திக்கும் இடங்களில் செதுக்கிய மரக் குமிழ்கள் வரும். அவற்றில் சிலவற்றை வடிவமைக்கும் பொறுப்பை, ‘ப்ளூ பீட்டர்’ என்ற பிபிசி நிகழ்ச்சி மூலமாகக் குழந்தைகளிடம் போட்டியாகக் கொடுத்தார்கள். 6 குழந்தைகளின் படங்கள் தேர்வாயின. அண்ணாந்து பார்த்தால் இன்றைக்கும் நிலவில் கால் வைத்த மனிதன் தெரிவான், கடலடியிலிருந்து மீட்ட மேரி ரோஸ் கப்பல் தெரியும், ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கான உதவி தெரியும். போனில் கேமராவைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இத்தனை பழைய கோயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கற்பனைக்கு நிரந்தரமாக இடம் கொடுத்தவர்களின் மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வடக்குப் பக்கத்தில் ‘ஐந்து சகோதரிகள்’ என்ற உயரமான ஜன்னல்கள் இருக்கின்றன. சாம்பலும் பச்சையும் கலந்த கண்ணாடி, 13-ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். முதல் உலகப் போரில் உயிர்விட்ட பெண்களுக்கான நினைவுச் சின்னம் அது. நர்ஸ்கள், டாக்டர்கள், குண்டு தயாரித்த தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் என்று எல்லாருக்கும். பெண்களே பணம் திரட்டி அந்த ஜன்னலைப் புதுப்பித்து, 1925-இல் அவர்கள் பெயர்களை ஓக் மரப் பலகைகளில் எழுதி வைத்தார்கள். போர் நினைவுச் சின்னம் என்றாலே ஆண்களின் பெயர்களையே படித்துப் பழகிய நமக்கு, அந்தப் பலகைகளின் முன்னால் நின்று நிதானமாக ஒவ்வொரு பெயராகப் படிக்கத் தோன்றும். படியுங்கள்.

நடுக் கோபுரத்தில் ஏற 275 படிகள், குறுகலான சுழல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். பகலில் சுற்றிப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். ஆனால் மாலை ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது, எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். பாடகர் குழு பாடும் நாளாகப் பார்த்து, நேரத்தையும் முன்பே தெரிந்துகொண்டு போங்கள். அந்தக் கல் மண்டபத்தில் பாட்டு ஏறி இறங்குவதைக் கேட்பதற்காகவே ஒரு மாலை ஊரில் இருக்க வேண்டும். பகல் டூரில் போய்த் திரும்புகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பசிக்கும். குளிரும். இப்போது பப்.

பேராலயத்துக்குத் தெற்கே ஸ்டோன்கேட் என்ற தெரு. அதன் குறுக்கே, இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரை, ஒரு விட்டத்தில் பெயர்ப்பலகை தொங்கும். ‘யி ஓல்ட் ஸ்டார் இன்’ என்ற பப்பின் பலகை. 1733-இல் முதன்முதலில் வைத்தார்கள். பப் தெருவில் இல்லை, குறுகலான சந்துக்குள் போக வேண்டும். அதனால்தான் தெருவையே மறித்துப் பலகை போட்டிருக்கிறார்கள்! 1644-இலிருந்து உரிமம் உள்ள கடை என்பது அவர்களின் பெருமை. அதே ஆண்டுதான் அரசர் படைக்கும் பார்லிமென்ட் படைக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் யார்க் முற்றுகைக்கு ஆளானது. காயம்பட்ட சிப்பாய்களை இந்தக் கடையின் நிலவறையில் கிடத்தியதாக ஊரில் சொல்வார்கள்.

உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இருட்டு, வாடை, தள்ளாடும் ஆட்கள்? பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒரு மேஜையில் பாட்டியும் தாத்தாவும் சூப் சாப்பிடுவார்கள். இன்னொன்றில் தனியாக ஒரு பெண் புத்தகம் படிப்பார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலடியில் நாய் ஒன்று தூங்கும். 2007 ஜூலையிலிருந்து சட்டப்படி உள்ளே யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது, எனவே புகையும் இல்லை.

குடிக்காமல் பப்பில் உட்காரலாமா? தாராளமாக. ஆரஞ்சு ஜூஸ், லெமனேட், பல இடங்களில் டீ, காபி எல்லாம் உண்டு. வேறு எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும் என்றால் அதைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்பது மது விற்கும் கடைகளுக்கு அங்குள்ள விதி. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பல பப்புகளில் சர்வர் மேஜைக்கு வந்து கேட்க மாட்டார். நீங்கள் கவுன்டருக்குப் போய், சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து வாங்கி வர வேண்டும். இது தெரியாமல் ‘நம்மை யாருமே கவனிக்கவில்லை’ என்று மனம் நொந்து எழுந்து வந்த குடும்பங்கள் உண்டு. டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைகளைப் பெரியவர்களோடு பல பப்புகளில் விடுவார்கள். ஆனால் ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் கூடாது என்பார்கள். சின்ன பப்புகளில் பிள்ளைகளே கூடாது என்பதும் உண்டு. வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து ஆர்டர் செய்யாதீர்கள். யார்க்ஷையர் பக்கம் மாட்டுக் கொழுப்பில் சிப்ஸ் பொரிப்பது பழைய வழக்கம், அதில்தான் ருசி என்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டோடு வரும் யார்க்ஷையர் புட்டிங் இனிப்பு இல்லை. மைதா, முட்டை, பால் கலந்து ஓவனில் உப்ப வைத்தது. மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. சைவ கிரேவி தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆற்றங்கரைக்குப் போனால் ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ இருக்கிறது. ஊஸ் ஆறு அதன் வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வெயில் நாளில் கரையோரத்து மேஜைகளில் இடம் கிடைக்காது. மழைக்காலத்தில் ஆறே உள்ளே வந்துவிடும். எந்த ஆண்டு எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறியது என்று உள்ளே குறித்து வைத்திருக்கிறார்கள். 2000 நவம்பரில் வந்த வெள்ளம், ஆற்றின் வழக்கமான மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவித் தள்ளி, காய வைத்துக் கடையைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கோடுகளைப் பார்க்கும் நம்மூர்க்காரர்கள், 2015 டிசம்பரில் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த இரவை நினைக்காமல் இருப்பார்களா? அதே டிசம்பர் கடைசியில் யார்க்கும் மூழ்கியது.

செயின்ட் சாம்சன் சதுக்கத்தில் ‘ரோமன் பாத்’ என்று ஒரு பப். 1930-களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்துக் கட்டத் தோண்டியபோது அடியில் ரோமானியப் படைவீரர்களின் குளியல் கட்டடம் கிடைத்தது. மேலே மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கீழே அதைச் சின்ன மியூசியமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது இந்த ஊரின் இன்னொரு முகம். இதைச் சொல்லாமல் பப்பைப் பற்றி மட்டும் எழுதினால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்ததாக ஆகாது.

நம் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் கிட்கேட் சாக்லேட் பிறந்தது யார்க்கில்தான். ரவுன்ட்ரீ என்ற கம்பெனி 1935-இல் வேறு பெயரில் கொண்டு வந்தது, 1937-இல் கிட்கேட் ஆனது. ரவுன்ட்ரீ குடும்பத்தினர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குடியால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு, மதுவுக்குப் பதிலாக மக்கள் கோகோ குடிக்கட்டும் என்று நினைத்த கூட்டம் அது.

அந்தக் குடும்பத்து மகன் சீபோம் ரவுன்ட்ரீ 1899-இல் யார்க்கின் உழைக்கும் மக்களின் வீடுகளில் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். 11,560 குடும்பங்கள். 1901-இல் அது புத்தகமாக வந்தபோது நாடே அதிர்ந்தது. ஊர் மக்களில் 100-க்கு சுமார் 28 பேர் வறுமையில் இருந்தார்கள். அவர்களை இரண்டாகப் பிரித்தார். எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் வருமானமே போதாதவர்கள் ஒரு பக்கம். அவர்களின் நிலைக்கு முதல் காரணம் குறைந்த கூலி. வருமானம் போதும், ஆனால் அது வேறு வழியில் போய்விடுகிறது என்ற வீடுகள் மறுபக்கம். அந்த வழிகளில் முதலாவதாக அவர் சொன்னது குடி.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஏன் குடிக்கிறார்கள் என்றும் யோசித்தார். நெருக்கடியான வீடு, ஓயாத வேலை, மாற்றமே இல்லாத நாட்கள். குடிப் பழக்கமே பல இடங்களில் அந்த வாழ்க்கையின் விளைவு என்று எழுதினார். ஆணைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். வீட்டில் இல்லாத வெளிச்சமும் கதகதப்பும் ஒருவனுக்கு வேறு எங்கே கிடைக்கிறது என்று பார்ப்பது கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையை அவர் செய்தார். அவருடைய தந்தை ஜோசப் ரவுன்ட்ரீ ஊருக்கு வெளியே, நியூ இயர்ஸ்விக் என்ற இடத்தில், தோட்டத்தோடு கூடிய நல்ல வீடுகள் கட்டிக் குடியிருப்பு ஒன்றை உருவாக்கினார். பல பத்தாண்டுகள் அங்கே பப் கிடையாது.

பப்பில் ஒரு ஜூஸ் குடித்துக்கொண்டே இந்தக் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது இங்கிலாந்துக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதற்காக நாலு பேர் கூடிப் பேச ஓர் இடமே வேண்டாம் என்று அவர்கள் ஊர் முழுக்கக் கதவை அடைத்துவிடவில்லை.

அந்த இடங்களும் இப்போது குறைந்துவருகின்றன. வாடகை, மின்சாரம், வரி என்று தாக்குப்பிடிக்க முடியாமல் நாடு முழுக்க நிறைய பப்புகள் மூடப்பட்டுவிட்டன. யார்க்கில் பிஷப்ஹில் பகுதியில் ‘கோல்டன் பால்’ என்ற பப்பை 2012-இல் அக்கம்பக்கத்துக்காரர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். தெருவில் குடியிருப்பவர்கள் பங்கு போட்டு, தங்கள் தெருமுனைக் கடையைத் தாங்களே காப்பாற்றுகிறார்கள். டூரிஸ்ட் கூட்டம் அதிகம் போகாத இடம். ஊர்க்காரர்களோடு உட்கார வேண்டுமானால் அங்கே போகலாம்.

அம்மா எவ்வளவு சொல்லியும் பப்புக்கு வரமாட்டேன் என்கிறாரா? கட்டாயப்படுத்தாதீர்கள். செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்தில் ‘பெட்டிஸ்’ என்ற டீக்கடை 1930-களிலிருந்து இருக்கிறது. அங்கே கூட்டிப் போங்கள். வெள்ளி டீபாட்டில் டீ வரும். ஆனால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடாமல், கீழ்த்தளத்துக்கு ஒரு தடவை இறங்குங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அது மதுக்கூடமாக இருந்தது. யார்க்கைச் சுற்றியிருந்த விமானத் தளங்களிலிருந்து வீரர்கள் மாலையில் அங்கே வருவார்கள். கனடாவிலிருந்து வந்த பையன்கள் நிறைய. அங்கிருந்த கண்ணாடியில் வைர முனைப் பேனாவால் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள், இன்றும் அப்படியே இருக்கின்றன. குண்டுவீச்சு விமானங்களில் போன அவர்களில் பலர் திரும்பவில்லை. வயது இருபதை ஒட்டித்தான் இருந்திருக்கும். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு போனுக்குக் காத்திருக்கும் எந்தத் தாய்க்கும் அந்தக் கண்ணாடியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாம்பிள்ஸ் என்ற குறுகிய சந்து முன்பு கசாப்புக் கடைத் தெரு. ஜன்னல்களுக்கு வெளியே இறைச்சி மாட்டிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. கூட்டம் வருமுன் காலையிலேயே போய்விடுங்கள். கோட்டை மதில் மேல் நடக்கக் காசு இல்லை. சுமார் 2 மைல். பூதம் பார் வாசலிலிருந்து மங்க் பார் வாசல் வரை உள்ள பகுதி மட்டும் நடந்தாலும் பேராலயம் முழுசாகத் தெரியும். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி இருக்காது, குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயில்வே மியூசியம் இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட மாலார்ட் நீராவி இன்ஜின் அங்கே நிற்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாக்களை அங்கே விட்டால் சாயங்காலம்தான் திரும்ப அழைத்துவர முடியும்.

கிளிஃபர்ட்ஸ் டவர் என்ற மேட்டுக் கோட்டையில் போட்டோ எடுக்குமுன், 1190-இல் அந்த மேட்டில்தான் ஊராரின் வெறிக்கு அஞ்சி ஒளிந்த சுமார் 150 யூதர்கள் உயிரிழந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். அழகான ஊர் என்பதற்காக அதை மறைக்க வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே மறைக்கவில்லை. கீழே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்களில் யார்க் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அங்கேயே குடியிருக்கும் வாசகர்களும் இருப்பீர்கள். பெரியவர்களோடு எந்த பப்புக்குப் போனீர்கள், சைவம் எங்கே நன்றாக இருந்தது, படிக்கட்டு இல்லாமல் வீல்சேரில் உள்ளே போக முடிந்த இடம் எது? பெயரும் தெருவும் போட்டு எழுதி அனுப்புங்கள். டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக அடுத்த இதழில் 2 பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்